சேவல் வரும் இடத்தை வெட்டிவிடுங்கள், மாமா

தெல்லிப்பழை,
வியாழன் இரவு,
அப்பாவின் இரண்டாவது இருமலுக்குப் பிறகு.

மதிப்புக்குரிய எடிற்றர் மாமா அவர்களுக்கு,

மருமகள் டிலக்ஷி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அம்மா சுகம். ஆடு குட்டி போட்டுச் சுகம். அப்பாவும் சுகம்தான், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி வரைக்கும்தான் என்று நினைக்கிறேன். அங்கு உங்களுடைய சுகத்தையும் மாமியின் சுகத்தையும் நீங்கள் படம் வெட்டும் கம்பியூட்டரின் சுகத்தையும் அறிய ஆவல். கம்பியூட்டருக்கு ஏதும் சுகமில்லை என்றால் இன்னும் நல்லது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். எனக்கு அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை என்பதால் ஒன்பது மணியடித்ததும் வீட்டிலுள்ள இரண்டு போனும் அப்பாவின் தலையணைக்குக் கீழே படுக்கப் போய்விடும். ஆகையால் நுளம்பு கடிக்காமல் கட்டிய வலைக்குள் ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு, விஞ்ஞானக் கொப்பியின் நடுத்தாள்களில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ரோச் வழுக்குகிறது என்று அறியவும். நாளைக் காலை அம்மா உங்களுக்கு மோர்மிளகாய் அனுப்புகிறார். ரின்னுக்குள் விரித்த பேப்பருக்குக் கீழே இந்தக் கடிதம் இருக்கும். மாமா, தயவுசெய்து மிளகாயைப் பொரிக்க முதல் கடிதத்தை வாசியுங்கள்.

விசயம் இதுதான். செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் கலந்துகொண்ட 'பிழை விட்டால் பிட்டு' நிகழ்ச்சியை நீங்கள் நாளைக்கு வெட்டி ஒட்டப் போகிறீர்கள். அதில் கடைசிச் சுற்றில் நான் சேவலைப் பற்றிச் சொல்லும் இடம் ஒன்று வரும். அதை வெட்டிவிட வேண்டும். அது வெளியே போனால் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் அப்பா எப்படி நிற்பார்? அதற்குப் பிறகு அப்பாவுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

முழுவதையும் சொன்னால்தான் உங்களுக்கு இரக்கம் வரும். முதல் பிழை உங்களுடையது, மாமா. குறை நினைக்க வேண்டாம். அப்பா செய்தியையும் காலநிலையையும் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டுதானே, "அத்தான், இது ஒரு பொது அறிவுப் போட்டி, வென்றால் பிள்ளைக்குச் சைக்கிள்" என்று சொன்னீர்கள்? ஆட்களைச் சிரிக்கவைக்கும் பகிடி நிகழ்ச்சி என்ற பாதியை விட்டுவிட்டீர்கள். என்னுடைய சைக்கிளின் செயின் ரியூசனுக்குப் போகும் வழியில் நாலு தரம் கழலுவதால் நானும் அந்தப் பாதியைச் சொல்லவில்லை. நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு நல்ல சந்தோசம். "பிழைக்குத் தண்டனை. நல்ல கொள்கை" என்றார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ரை, திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனை, ஒன்று எழுதாவிட்டால் மற்றது. இப்படித்தான் வெளிக்கிட்டார்.

நானும் பிறந்த நாளிலிருந்து இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாக நடக்கிறது, என்னைவிட மூத்தது. ஆனால் அதன் பின்பக்கம் அப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே. ரீவியில் புருவத்தால் நடனமாடிக் கேள்வி கேட்கும் கனிசியஸ் அண்ணை, திரைக்குப் பின்னால் ஒரு பிளேன்ரீயும் இரண்டு கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றும் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் றிப்போட்டுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். நான் மரியாதைக்கு, "அண்ணை, உங்களைப் பாத்தாலே எங்களுக்குச் சிரிப்பு வரும்" என்றேன்.

"எனக்கு வாறேல்லைப் பிள்ளை," என்றார். "பத்தொன்பது வருசமா வாறேல்லை."

சிரிப்பு வரிசையைப் பற்றியும் எனக்குத் தெரியாது. முன் வரிசையில் இருக்கும் எட்டுப் பெண்களும் தாங்களாகச் சிரிப்பதில்லையாம். மேடைக்குப் பக்கத்தில் ஒருவர் கறுப்புக் குடையோடு நிற்பார். குடை விரிந்தால் சிரிப்பு. குடை மடிந்தால் அமைதி. அவர்களுக்குத் தலைவி செல்வநாயகி அக்கா. பிழை விட்டவர்கள் தின்னும் பிட்டை அவிப்பதும் அவர்தான். தேங்காய்ப்பூவும் இல்லை, சம்பலும் இல்லை, தண்ணீரும் தரமாட்டார்கள். அதை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நல்ல மழை. நிகழ்ச்சியின் முதலாவது நடுவர் போன மாதம் காலமாகிவிட்டார் என்று கனிசியஸ் அண்ணை எல்லோரையும் எழும்பச் சொல்லி ஒரு நிமிட மௌன அஞ்சலியைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கூரை ஒழுகிக் கமராவில் துளி விழுந்தது. கமராக்காரர் என்ன செய்வார், தன்னுடைய குடையை விரித்தார். எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காலமானவருடைய மகன் இரண்டாம் வரிசையில் நின்றார், மாமா. பிறகு கனிசியஸ் அண்ணை உள்ளே வந்து பல்லைக் கடித்தபோது செல்வநாயகி அக்கா ஒரு சொட்டும் அசையவில்லை.

"குடை விரிஞ்சது, நாங்கள் சிரிச்சம். செத்தது ஆரெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

இனி அப்பா. எங்களோடு போட்டிக்கு வந்த குடும்பம் கேள்வி கேட்க முதலே பிழை விட்டது, பிட்டை அள்ளித் தின்றது, மண்டபம் கலகலத்தது. அப்பா ஒரு பிழையும் விடவில்லை. பதினான்கு கேள்வி, பதினான்கும் சரி. "ஒரு கிலோ இரும்பும் ஒரு கிலோ பஞ்சும். எது பாரம், சேர்?" என்று கனிசியஸ் அண்ணை புருவத்தை ஆட்டிக்கொண்டு கேட்டார். அப்பா எழும்பி நின்று, "திணிவைக் கேக்கிறீரோ, நிறையைக் கேக்கிறீரோ? நிறை எண்டால் காத்தின்ரை மேலுதைப்பையும் கணக்கிலை எடுக்க வேணும்" என்று தொடங்கி நாலு நிமிடம் விளங்கப்படுத்தினார். வெண்பலகை இருக்கிறதா என்றும் கேட்டார். குடை விரிந்தபடியே நின்றது. சிரிப்பு வரிசையில் இரண்டு பேர் நித்திரை.

இடைவேளையில் கனிசியஸ் அண்ணை அப்பாவிடம் வந்து ஏறக்குறைய அழுதார்.

"சேர், கும்பிட்டுக் கேக்கிறன். ஒரு கேள்விக்கெண்டாலும் பிழை விடுங்கோ. சனம் எழும்பிப் போகப் போகுது."

"தெரிஞ்ச விடையை எப்பிடித் தம்பி பிழையாச் சொல்லுறது?"

"தெரியாத மாதிரிச் சொல்லுங்கோ."

"அது பொய்யெல்லோ?"

கனிசியஸ் அண்ணை மூன்றாவது கிறீம் கிறாக்கரை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் வீட்டுச் சுற்று. உங்களுக்குத் தெரியும், ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரிடம் அவரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. பிறகு அவரைக் கூப்பிட்டு அதே கேள்வி. இரண்டு விடையும் பொருந்தினால் சைக்கிள். ஊதா நிறம், முன்னுக்குக் கூடை. மேடையின் மூலையில் அது என்னைப் பார்த்தபடி நின்றது. அப்பாவைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் கட்டும் வான் வண்டிக்குள் இருத்திக் கண்ணாடியை ஏற்றிப் பாட்டுப் போட்டார்கள். வானும் ஒலிபெருக்கியும் கோபிசங்கர் அண்ணையின் பொறுப்பு. அவர் அப்பாவிடம் படித்தவர். கதவைத் திறந்துவிடும்போதே பயத்தில் "குட் மோர்னிங் சேர்" என்றார். அப்போது பின்னேரம் ஆறு மணி.

"பிள்ளை, சொல்லுங்கோ பாப்பம்," என்றார் கனிசியஸ் அண்ணை. "உங்கடை அப்பா வீட்டிலை ஆருக்குப் பயம்?"

அவருடைய கையிலிருந்த அட்டையில் விடையும் அதற்கான பகிடியும் எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு. பத்தொன்பது வருடமாக எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சொல்லும் விடை. குடைக்காரரும் தயாராக நின்றார். எனக்கோ சைக்கிள் வேண்டும். அப்பா பொய் சொல்லமாட்டார். ஆகவே உண்மையான விடைதான் பொருந்தும் என்று மூளையைப் பாவித்து யோசித்தேன்.

"சேவலுக்கு," என்றேன்.

"என்ன? எந்தச் சேவலுக்கு?"

"சந்நிதி முருகனுக்கு நேந்துவிட்ட சேவலுக்கு."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையில் மைக், முகத்தில் வெளிச்சம், வாய் என்னுடையதாக இருக்கவில்லை. எனக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் சந்நிதியானுக்கு ஒரு சேவல் நேர்ந்ததையும், குஞ்சாக வாங்கி வந்ததையும், முதல் வருடத் திருவிழாவுக்கு அது கொண்டுபோய் விட முடியாமல் சிறிதாக இருந்ததையும், இரண்டாம் வருடம் அப்பா விடைத்தாள் திருத்தப் போனதையும், அதற்கிடையில் அது ஒரு பள்ளிக்கூட அதிபரைப் போல வளர்ந்துவிட்டதையும் சொன்னேன். சாமியின் சேவலை அடிக்கக் கூடாது. கட்டக் கூடாது. சீ என்றும் சொல்லக் கூடாது. அது எங்கள் வீட்டில் அம்மாவை ஒன்றும் செய்யாது, என்னை ஒன்றும் செய்யாது. அப்பாவைக் கண்டால் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடம் பிரம்போடு பள்ளிக்கூடத்தை ஆண்ட ஒழுக்காற்று ஆசிரியர் சீவரத்தினம் சேர், காலையில் குளிக்கப் போனால் சேவலைக் கண்டு ஓடிப்போய்க் கிணற்றுக் கட்டில் ஏறிவிடுவார். தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு இருபது நிமிடம் அங்கேயே நிற்பார். "இஞ்சாரும்! இஞ்சாரும்! ஒருக்கா ஓடி வாரும்!" என்று அம்மாவைக் கூப்பிடுவார். அந்தக் குரலையும் நான் மைக்கில் செய்துகாட்டினேன், மாமா. சேவலின் குரலையும் செய்தேன்.

குடைக்காரர் குடையை விரிக்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கனிசியஸ் அண்ணை மேடையில் குந்தியிருந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பத்தொன்பது வருடச் சிரிப்பும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். செல்வநாயகி அக்கா பிட்டுச் சட்டியைத் தவறவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அப்பாவைக் கூட்டி வந்தார்கள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "சேர், வீட்டிலை நீங்கள் ஆருக்குப் பயம்?" என்று கனிசியஸ் அண்ணை விக்கி விக்கிக் கேட்டார். அப்பா சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கும் இல்லை," என்றார்.

மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. தன்மானத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் நடுவில் நின்றார். வாழ்க்கையில் முதல் தரம் அவருடைய விடைக்குப் பிழை போட்டார்கள். பிட்டு வந்தது. அப்பா ஒரு பிடியை வாயில் போட்டு, எங்களுக்குப் படிப்பிப்பது போலவே முப்பத்திரண்டு தரம் மென்று, விழுங்கி, வாயைத் துடைத்துவிட்டு, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது போல மூன்று தரம் தெளிவாகப் பெயர் சொன்னார். அந்த இடம் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாக வரும்.

வரும் வழி முழுக்க மோட்டார்சைக்கிளில் ஒரு கதையும் இல்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது, "பிட்டு நல்லா அவிஞ்சிருந்தது" என்றார். அவ்வளவுதான். புதன்கிழமையும் பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை. இதைவிடப் பயங்கரம் என்னவென்றால், இரண்டு நாளாக அவர் குளிக்கும்போது அம்மாவைக் கூப்பிடுவதே இல்லை. வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிலத்திலேயே நிற்கிறார். சேவல் துவைகல்லில் நிற்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. அம்மா, "என்னப்பா, இண்டைக்கும் கூப்பிடேல்லை?" என்று கேட்க, "தேவையில்லை" என்கிறார். இது எதில் போய் முடியுமோ தெரியவில்லை.

ஞாயிறு இரவு அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். திங்கள் காலை பிரார்த்தனையில் பின்வரிசையிலிருந்து ஒரு 'கொக்கரக்கோ' வரும். முதலில் கூவுவது கஜீபனாகத்தான் இருக்கும். போன தவணைச் சோதனையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினான் என்று அப்பா அவனுக்கு முழுப் பூச்சியம் போட்டவர்.

ஆகையால், மாமா, சில வழிகள் யோசித்திருக்கிறேன். நான் 'சேவல்' என்று சொல்லும் இடமெல்லாம் ஒரு 'கூ' சத்தம் போடலாம். ஆனால் அதுவும் சேவல் கூவுவது போல இருக்குமோ என்று பயம். அல்லது முதற் சுற்றில் நான் 'அம்மா' என்று ஒரு இடத்தில் சொல்கிறேன், அதை எடுத்து இங்கே ஒட்டலாம். ஆனால் அம்மாவும் ரீவி பார்ப்பார். இல்லாவிட்டால் கம்பியூட்டரில் தண்ணீர் ஊற்றுங்கள். ஞாயிறு ஏழு மணிக்குக் கரண்ட் போக வேண்டும் என்று சந்நிதியானுக்கு இன்னுமொரு சேவல் நேர்ந்துவிடலாமா என்றும் யோசித்தேன். பிறகு இரண்டு சேவலாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

வேறொருவரிடமும் கேட்க எனக்கு வழியில்லை. மாமிக்கு என் அன்பு. உங்கள் கத்தரிக்கோலுக்குச் சந்நிதியான் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
நுளம்பு வலைக்குள்ளிருந்து,
உங்கள் அன்பு மருமகள்
டிலக்ஷி

பி.கு.: மாமா, மேலே கேட்ட ஒன்றையும் செய்ய வேண்டாம். ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பவை அப்பாவுடையவை.

பெயர் எழுதி முடிக்கும்போது வலை விலகியது.

"பிள்ளை, உதென்ன எழுத்து?"

"வீட்டுவேலை, அப்பா."

"என்ன பாடம்?"

"தமிழ்."

"காட்டு."

கட்டில் விளிம்பில் இருந்து, என்னை ரோச் பிடிக்கச் சொல்லிவிட்டு, முழுவதையும் வாசித்தார். நித்திரைக்குப் போகும்போதும் அவருடைய சிவப்புப் பேனை தலைமாட்டில்தான் இருக்கும், அதை எடுத்து வந்தார். 'இருபது நிமிடம்' என்றதை வெட்டிப் 'பன்னிரண்டு' என்று போட்டார். 'ஓடிப்போய்' என்றதை 'விரைந்து நடந்து' என்று மாற்றினார். 'பயம்' என்று வந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் 'பக்தி' என்று எழுதினார். பிறகுதான் கதைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். வானுக்கை பாட்டு அலறிச்சுது. தம்பி, சத்தத்தைக் குறை எண்டன். அவன் கோபிசங்கர் என்னட்டைப் படிச்சவனெல்லோ, குறைக்கச் சொன்னால் நிப்பாட்டியே போட்டான். பிறகு மண்டபத்திலை கதைக்கிறது முழுக்க அவன்ரை சின்ன ஸ்பீக்கரிலை கேட்டுது. இறங்குவம் எண்டால் கதவு உள்ளாலை திறபடாது."

நான் ரோச்சை அவருடைய முகத்துக்குத் திருப்பினேன். "என்ரை விடை கேட்டதோ, அப்பா?"

"விடையும் கேட்டது. என்ரை குரல் செய்ததும் கேட்டது. சேவல் நல்லாச் செய்தாய்."

"அப்ப ஏன் பிழையாச் சொன்னீங்கள்? சரியாச் சொல்லியிருந்தால் சைக்கிள்!"

"மற்றவையின்ரை விடையைக் கேட்டிட்டு எழுதினால் அதுக்கு என்ன பேர்?"

"கொப்பியடிக்கிறது."

"கஜீபனுக்கு என்ன போட்டனான்?"

"பூச்சியம்."

"பின்னை?" என்றார். "கேட்டுப் போட்டன் எண்டு மேடையிலை சொல்லியிருப்பன். சொன்னால் கோபிசங்கரின்ரை வேலை போயிடும். அதுதான் அப்பிடிச் சொன்னனான். ரெண்டு நாளா நித்திரை இல்லை."

"என்னிலை கோபத்திலையோ, அப்பா?"

"உன்னிலை என்ன கோபம்? நீ நடந்ததைத்தானே சொன்னனி. பொய் சொன்னது நான். வெட்டுறதெண்டால் என்ரை விடையை வெட்டச் சொல்லு."

அதை வெட்டினால் பிட்டு வராது, பிட்டு இல்லாவிட்டால் நிகழ்ச்சிக்கு முடிவு இல்லை என்று நான் பயந்து பயந்து சொன்னேன். அப்பா யோசித்தார்.

"அப்ப கிடக்கட்டும். பொய் சொன்னால் பிட்டுத் தின்ன வேண்டி வரும் எண்டு பெடியளும் அறியட்டும்."

"திங்கக்கிழமை ஆரும் கூவினால்?"

"கூவட்டும். அதுக்குத்தானே ரெண்டு நாளாக் கிணத்தடியிலை நிண்டு பழகுறன்."

ஆகவே, மாமா, ஒன்றையும் வெட்டாதீர்கள். கோபிசங்கர் அண்ணையைப் பற்றி மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அப்பா சிவப்பில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

இந்தப் பின்குறிப்பை வெள்ளிக்கிழமை காலையில்தான் எழுதுகிறேன். ஏனென்றால் இரவு அப்பா அந்தக் கோடுகளைப் போட்டு முடித்ததும் பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்ன அங்கை வெளிச்சம்? லைற்றை நூருங்கோ ரெண்டு பேரும்! நான் இப்ப எழும்பி வரவோ?"

அம்மா சொல்லி முடிக்க முதல் அப்பா என் கையிலிருந்த ரோச்சைப் பறித்து நூர்த்துவிட்டார். "படு, படு" என்று மூச்சுக்குள் சொன்னார். கடிதத்தை என் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு இருட்டில் நுனிக்காலில் நடந்தார். கதிரையில் முழங்கால் இடித்த சத்தம் கேட்டது. 'ஆ' என்று ஒரு சத்தமும் வரவில்லை. சேவலுக்குக்கூட அவர் அந்த வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை.

கனிசியஸ் அண்ணையின் அட்டையில் எழுதியிருந்ததுதான் சரியான விடை, மாமா. அப்பா சொன்னதும் பிழை, நான் சொன்னதும் பிழை. எனக்கும் ஒரு பிடி பிட்டு எடுத்துவைக்கச் சொல்லிச் செல்வநாயகி அக்காவிடம் சொல்லுங்கள்.